அண்ணன்மார் கொண்டுவரும் சீர்

ஒன்பதரை பஸ்ஸில் வந்திருந்தால் இந்நேரம் வந்திருக்க வேண்டும். அடுத்த பஸ் பத்தேகாலுக்கு. போகிப் பண்டிகையன்று அரியலூரிலிருந்து லால்குடிக்குக் கரும்புக் கட்டோடு பஸ் ஏறுவது லேசான காரியமில்லை, கண்டக்டர் திட்டுவான், கரும்பை மேலே போடு என்பான், மேலே போட்டால் தோகை ஒடிந்துபோகும், தோகை ஒடிந்த கரும்பைக் கொண்டுவந்து சீர் என்று நிறுத்தினால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள். நான் என்ன சொல்வேன். இந்தத் தடவை நான் ஒன்றும் சொல்லக் கூடாது, நேற்றிலிருந்தே அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வாசல் கேட் தெரிகிற மாதிரி கூடத்தில் உட்கார்ந்து முறத்தை மடியில் வைத்து மொச்சை உரிக்கிறேன். ஒரு காய்க்குள் பச்சைப் புழு நெளிந்தது, நகத்தால் நசுக்கினேன். நிரோஷாவுக்குப் புழு என்றால் பயம். கல்யாணமாகி வந்த புதிதில் விரலில் புழு ஏறிவிட்டதென்று முறத்தையே தட்டிவிட்டாள், மொச்சை கூடம் முழுக்க உருண்டது, நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள், செழியன் சிரிக்கவில்லை. செழியன் என் மகன். அவள் என் மருமகள், இன்னும் மருமகள்தான், கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு போனவள். பால் பொங்கி அடுப்பை அணைத்து, கேஸ் வாடை வந்த பிறகுதான் அவள் போனதே எனக்குத் தெரிந்தது. ஒன்றரை மாதமாக அரியலூரில் அம்மா வீட்டில் இருக்கிறாள். முந்தாநாள் அவள் அண்ணன் சுரேந்தர் போன் செய்தான். "போகி அன்னைக்கு வர்றேன் அத்தை, வீட்லதானே இருப்பீங்க?" "வாப்பா, தாராளமா வா." அவனும் வேறு எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது. போகிக்கு அண்ணன் வருகிறான் என்றால் சீரோடு வருகிறான், சீரோடு வருகிறான் என்றால் தங்கையையும் கூட்டிக்கொண்டு வருகிறான். அப்படித்தான் கொண்டுவந்து விடுவார்கள், எனக்குத் தெரியாதா. செழியனிடம் சொன்னபோது சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டே, "வரட்டும், மொதல்ல மன்னிப்பு கேக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றான். காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போனவன் இன்னும் வரவில்லை. வராமல் இருப்பதே நல்லது. அவள் உள்ளே வந்து, அடுப்படிக்குப் போய், கையில் ஒரு கரண்டியை எடுத்த பிறகு வரட்டும்.

சீர் வாங்குவதென்றால் என் மாமியார் மாதிரி வாங்க வேண்டும். கரும்பை வாசல்நிலையோடு நிறுத்தி வைத்துப் பார்ப்பாள், நிலைக்கு மேலே ஒரு சாண் நிற்க வேண்டும். அரிசிப் பைக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு மெல்லுவாள், மேலே நல்ல அரிசியும் அடியில் வேறு அரிசியும் போட்டுக் கொண்டுவந்து விடுவார்களாம். பூசணிக்காயைத் தட்டுவாள். வெண்கலப் பானையை விளிம்பில் ஒரு விரல் கொடுத்துத் தூக்கி மறுகையால் சுண்டி ஓசை கேட்பாள், கேட்டுவிட்டு அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு அவர்களையும் சுண்டச் சொல்வாள். அதுவரை என் அண்ணன் கலியமூர்த்தி வேர்வை வழிய வாசலிலேயே நிற்பான், எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான், "அண்ணனுக்குத் தண்ணி குடுக்கிறதில்லையா நீ" என்று என்னைப் பார்த்துக் கேட்பாள். நான் சொம்போடு கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருப்பேன், உத்தரவு வர வேண்டுமே. தலைத் தீபாவளிக்கு அப்பா மாப்பிள்ளைக்குப் போட்ட மோதிரத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, "நகத்தைவிட மெலிசா இருக்கே" என்றாள். ஆடிக்கு வந்த பலகாரத்தில் ஒரு முறுக்கை எடுத்து ஒடித்து மூக்கருகே கொண்டுபோய், திரும்பத் தட்டிலேயே வைத்தாள், ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் பரவாயில்லை. அந்த முதல் பொங்கலுக்கு அப்பா அரக்கு நிறத்தில் எனக்குச் சேலை எடுத்திருந்தார், அம்மா அந்த நிறத்துக்காகத் திருச்சியில் மூன்று கடை ஏறி இறங்கினாளாம். மாமியார் அதை விரித்துத் தன் மகள் வசந்தாவின் தோளில் வைத்துப் பார்த்து, "வசந்தாவுக்குத்தான் இது" என்றாள். அந்தச் சேலையோடு உட்கார்ந்திருந்த வசந்தாவுக்கு நான்தான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த வருஷம் பச்சை, அதற்கடுத்த வருஷம் வாடாமல்லி, எல்லாம் வசந்தாவுக்கு. வசந்தா கல்யாணமாகிப் போன பிறகு அவள் வரும்போது கொடுக்கப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். மாமியார் செத்து, இனிமேல் சேலை எனக்குத்தான் என்று நினைத்தேன், அந்த வருஷத்திலிருந்து அண்ணன் சேலை எடுப்பதை விட்டுவிட்டு வெற்றிலையில் ஐந்நூறு ரூபாயை வைத்துக் கொடுக்க ஆரம்பித்தான், அலைச்சல் மிச்சமாம். அதனால் என் பிறந்த வீட்டுச் சேலை ஒன்று என் உடம்பிலேயே தங்கியது என்றால் அது என் புருஷன் வைத்தி செத்த அன்று அண்ணன் கொண்டுவந்து என் தலையில் போர்த்திய கோடிதான். நல்ல சேலை. விலை கூடின சேலை. ஒப்பாரிக்கு நடுவில் யாரோ ஒருத்தி அதன் கரையைத் தடவிப் பார்த்தாள், நான் பார்த்தேன். அதோடு பொங்கல் சீரும் நின்றது. அண்ணன் பெண்டாட்டி, "தாலி இருக்கிற வரைக்கும்தானே தனம் சீரு" என்றாள், என் முன்னாலேயே, சோற்றைப் பிசைந்துகொண்டே.

அண்ணன் கொண்டுவந்த சீர்களில் ஒன்றுதான் இன்றைக்கும் இறங்காமல் தொண்டையில் நிற்கிறது. கல்யாணமான இரண்டாவது மார்கழி. வைத்தி தோசைத்திருப்பியைத் தணலில் காய்ச்சி என் முழங்கைக்கு மேலே வைத்தான். சட்னியில் உப்பு இல்லை என்பதற்கா, நான் திரும்பிப் பார்த்ததற்கா, இப்போது நினைவில்லை, அன்றைக்கே நினைவில்லை. நான் அலறியபோது கொல்லையில் மாமியார் உலக்கையை எடுத்து வெறும் உரலை இடிக்க ஆரம்பித்தாள். உரலில் ஒன்றுமே இல்லை. அந்தச் சத்தம், கல்லில் மரம் இடிக்கிற சத்தம், தெருவில் போகிறவர்களுக்கு அந்த வீட்டில் வேலை நடக்கிறது என்று தெரிந்தால் போதும். மறுநாள் தண்ணீர் எடுக்கப் போகிற மாதிரிப் போய்க் குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டுப் புள்ளம்பாடிக்குப் பஸ் ஏறினேன், கண்டக்டருக்குக் கொடுக்கக் காசில்லை, அழுதேன், விட்டுவிட்டான். வீட்டில் அம்மா அழுதாள், அண்ணன்தான் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஓடிப்போய் மைப் புட்டியைக் கொண்டுவந்து காயத்தில் நீல மையை ஊற்றினான், அவன் கை நடுங்கியது. என் அண்ணன் என்னை அனுப்ப மாட்டான் என்று அந்த நடுக்கத்தைப் பார்த்துத்தான் நான் நம்பினேன். மூன்று வாரம் நன்றாகத் தூங்கினேன். போகிக்கு முந்தின நாள் அவன் ஒரு ஜோடிக் கரும்பும் புது வெண்கலப் பானையும் வாங்கி வந்தான், நம் வீட்டுப் பொங்கலுக்கென்று நினைத்து நானே புளி போட்டுத் தேய்த்தேன், முகம் தெரிகிற மாதிரித் தேய்த்தேன். "வெள்ளன கிளம்பிரு தனம்" என்றான். "சீர் குடுக்க வர்ற மாதிரியே போயிரலாம். ஊர்ல ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க." பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரம் கொடுத்தான். நடுவில் ஒரு ஊரில் பஸ் நிற்கும்போது கொய்யாப்பழம் வாங்கி மிளகாய்ப்பொடி தடவிக் கொடுத்தான். பானை என் மடியில், கரும்பு அவன் தோளில், வழியெல்லாம் பக்கத்து வயலில் எந்த நெல் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தான். நான் கொய்யாவைத் தின்றேன். தின்றேன், அதுதான், அழுதுகொண்டாவது இருந்திருக்கலாம், பசித்தது. வாசலில் மாமியார் பானையை வாங்கிச் சுண்டிப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசு. ரெண்டையும் உள்ள வை" என்றாள். என் அண்ணன் சிரித்தான். இல்லை, சிரிக்கவில்லை, பல் தெரிந்தது, வெயிலுக்கு முகத்தைச் சுளித்தாலும் பல் தெரியும். அல்லது சிரித்தான். முப்பத்தைந்து வருஷமாக அந்த முகத்தை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன், ஒரு நாள் சிரிப்பாக இருக்கிறது, ஒரு நாள் வெயிலாக இருக்கிறது.

உரல் இப்போது யார் வீட்டில் இருக்கிறது. என்னிடம் டிவி இருக்கிறது. உள்ளறையில் செழியனின் குரல் உயர்ந்தால் என் கை தானாக ரிமோட்டைத் தேடும், யாரோ ஒருத்தி யாரையோ பார்த்து அழுதுகொண்டிருப்பாள், அந்த அழுகையின் சத்தத்தைக் கூட்டுவேன், கூட்டினால் இந்த அழுகை கேட்காது. போனில் யாரோடு பேசினாய் என்று கேட்டுத்தான் தீபத்துக்கு நாலு நாள் முன்னால் அவள் கையை முறுக்கியிருக்கிறான், அவள் அம்மாவோடுதான் பேசியிருக்கிறாள், எனக்குத் தெரியும், நான் பக்கத்தில்தான் இருந்தேன், கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பான், அல்லது விட்டிருக்க மாட்டான். தட்டவில்லை. மறுநாள் வீங்கின கையோடு அவள் எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தபோது தம்ளர் தட்டில் கடகடவென்று ஆடியது, "பாத்து வை" என்றேன். போன வருஷப் பொங்கலுக்கு அவள் அப்பா சீர் கொண்டுவந்தார், சிமெண்டு ஆலையில் வாட்ச்மேன், சலவைச் சட்டை போட்டிருந்தார், எவர்சில்வர் பானை. எதிர்வீட்டு அமுதவல்லி பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் அதைச் சுண்டினேன், "எவர்சில்வர்ல பொங்கல் வைக்கிற வழக்கம் எங்க வீட்ல இல்லையே" என்றேன். அவர் தோள் துண்டை எடுத்து அந்தப் பானையைத் துடைத்தார், ஏதோ அழுக்காக இருப்பதால்தான் வேண்டாம் என்கிறேன் என்பதுபோல. நிரோஷா தரையைப் பார்த்தாள். எனக்கு நாக்கில் இனித்தது. பொய் சொல்லக் கூடாது, இனித்தது, அந்த இனிப்பைத் தின்னத்தான் முப்பத்து நான்கு வருஷம் காத்திருந்த மாதிரி இருந்தது. ஆனால் இன்றைக்கு ஒன்றும் சொல்லப்போவதில்லை. தகரப் பானை கொண்டுவந்தாலும் வாங்கி உள்ளே வைப்பேன். அவளை அடுப்படிக்குக் கூட்டிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கும் இப்படித்தான் ஆச்சு, போகப் போகப் பழகிடும், வயசானா அவங்களுக்கும் கை ஓஞ்சுரும் என்று சொல்வேன். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அவளுக்குச் சொல்ல நான் இருக்கிறேன். அவள் வர வேண்டும். அவள் வந்தாக வேண்டும். இந்த ஒன்றரை மாதத்தில் செழியன் என் மேல் இரண்டு தரம் தம்ளரை வீசியிருக்கிறான், ஒரு தரம் தோளைப் பிடித்துத் தள்ளியதில் பீரோ முனை இடுப்பில் இடித்தது, மஞ்சளும் நீலமுமாக இன்னும் இருக்கிறது, குனிந்தால் வலிக்கிறது. அவள் இருந்தவரை அவன் என்னைத் தொட்டதில்லை. ஒரு வீட்டில் அடி வாங்க ஒருத்தி போதும். இதை நினைத்ததும் விரல் நின்றுவிட்டது. யாரும் இல்லை, என்றாலும் கூடத்தை ஒரு தரம் சுற்றிப் பார்த்துக்கொண்டேன்.

கேட் சத்தம். சுரேந்தர். பின்னால் யாருமில்லை, ஆட்டோக்காரனுக்குக் கொடுத்துவிட்டு வருகிறாளாக்கும், இல்லை, ஆட்டோ திரும்பிக்கொண்டிருக்கிறது, உள்ளே ஆளில்லை. கரும்பும் இல்லை. ஒரு அட்டைப்பெட்டி, ஒரு துணிக்கடைப் பை. செருப்பை வெளியிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்து பெட்டியைக் கூடத்தில் வைத்தான். முறத்தை இறக்கி வைத்துவிட்டு எழுந்தேன், இடுப்பு பிடித்தது, காட்டிக்கொள்ளவில்லை.

"நிரோஷா எங்கப்பா?"

"அது வரலை அத்தை. இனிமே வராது."

கத்திச் சொல்லவில்லை. பஸ் வரவில்லை என்று சொல்கிற மாதிரிச் சொன்னான். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் வைத்தான். நிச்சயத்துக்கு நாங்கள் எடுத்த பட்டு, கூறைச் சேலை, கொலுசு, வளைகாப்புப் போடும்போது போடலாம் என்று நான் முன்கூட்டியே வாங்கிக் கொடுத்திருந்த வெள்ளிக் காப்பு, செழியன் தீபாவளிக்கு வாங்கித் தந்த போன், அதன் மேல்பக்கம் கீறல். கடைசியாக ஒரு குங்குமச் சிமிழ். திறக்காமலேயே எனக்குத் தெரிந்தது உள்ளே தாலி இருக்கிறதென்று.

"உங்க வீட்ல போட்டதெல்லாம் இவ்வளவுதான். சரியா இருக்கான்னு பாத்துக்குங்க அத்தை. மத்ததெல்லாம் வக்கீல் மூலமா பேசிக்கலாம்."

"உங்க அம்மா என்ன சொன்னாங்க? பெரியவங்க ஒண்ணும் சொல்லலையா?"

"அம்மா பொங்கலுக்குச் சீரோட கொண்டுபோய் விட்டுரலாம்னுச்சு. அப்பாவும் சரின்னாரு. நான்தான் முடியாதுன்னுட்டேன். கையப் பாத்தேன்ல."

கையைப் பார்த்தானாம். கையைப் பார்த்தால் அனுப்ப மாட்டார்களா. அப்படி ஒன்று உண்டா. கையைப் பார்த்து, மையை ஊற்றி, கை நடுங்கி, அதற்கப்புறம் கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்து ஜன்னல் ஓரத்தில் உட்காரவைத்துக் கொண்டுபோய் விடுவார்கள், அதுதானே முறை, அதைத்தானே எல்லாரும் செய்தார்கள், செய்ய முடியாமல் செய்தார்கள், வேறு வழியில்லாமல் செய்தார்கள் என்றுதானே நான் இத்தனை வருஷம் அந்த அண்ணனுக்கு இலை போட்டுச் சோறு போட்டேன். வேறு வழி இருந்ததா. ஒரு அட்டைப்பெட்டியில் எல்லாவற்றையும் போட்டு ஆட்டோவில் எடுத்துக்கொண்டு வருவதுதானா அந்த வழி, இவ்வளவு சின்னதா. எனக்கு இவன் மேல் ஆத்திரம் வரவில்லை. அவள் மேல் வந்தது. அரியலூரில் எங்கேயோ கால் நீட்டி உட்கார்ந்துகொண்டிருக்கிறவள் மேல், இப்படி ஒரு அண்ணன் கிடைத்தவள் மேல்.

அவன் துணிக்கடைப் பையை எடுத்தான்.

"இது உங்களுக்கு. நிரோ குடுத்துச்சு. துணிக்கடையில வேலைக்குப் போகுது, மொத சம்பளம். அத்தைக்குப் பொங்கலுக்கு யாரும் சேலை எடுக்கறதில்ல, கலரா எடுத்திருக்கேன், கட்டிக்கச் சொல்லுன்னுச்சு." பையை நீட்டிக்கொண்டே குரலைத் தணித்தான். "மாப்பிள்ளை உங்ககிட்டயும் கை நீட்டினா போன் பண்ணச் சொன்னுச்சு. எப்ப வேணாலும்."

கத்திரிப்பூ நிறம். கடுகு மஞ்சளில் கரை. கை தானாக நீண்டு வாங்கிக்கொண்டது, துணி ஈரமில்லாத குளிர்ச்சியாக இருந்தது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் டிவி சத்தத்தைக் கூட்டியது தெரியும், அவள் அப்பா பானையைத் துடைத்தது தெரியும், தான் போனால் அடுத்தது யார் என்பதும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் கடையில் நின்று எனக்கு எந்த நிறம் பொருந்தும் என்று பார்த்திருக்கிறாள். என்னைத் திட்டி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். என்னைப் பார்த்துப் பாவம் என்று சொல்ல அவள் யார். இருபத்தாறு வயசு. புழுவுக்குப் பயப்படுகிறவள்.

கேட்டைத் திறந்துகொண்டு அமுதவல்லி வந்தாள், ஆட்டோ வந்ததை எதிர்வீட்டிலிருந்து பார்த்திருப்பாள், கையில் சாக்குக்கு ஒரு கிண்ணம். பாயில் கிடந்ததை எல்லாம் பார்த்தாள், சிமிழையும் பார்த்தாள்.

"என்னக்கா, மருமக வரலையா?"

"எப்படி வருவா" என்றேன். என் குரல்தான், ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. "நான்தான் கூட்டிட்டு வர வேணாம்னு சொல்லிட்டேன். நடத்தை சரியில்ல. என் புள்ள மானத்தோட இருக்கணும்ல."

சுரேந்தர் என்னைப் பார்த்தான். சண்டை போடுவான், கத்துவான், தெருவே கூடும் என்று நினைத்தேன், அப்படி நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், நானும் கத்தியிருப்பேன். அவன் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டான், ஒரு கால் மாறிவிட்டது, கழற்றி மறுபடி மாட்டினான்.

"இதையும் நிரோகிட்ட சொல்லணுமா அத்தை?"

"சொல்லு."

கேட்டைச் சாத்திவிட்டுப் போனான். கொக்கியைக்கூடப் போட்டுவிட்டுப் போனான். அமுதவல்லி கிண்ணத்தை மறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள், முழங்கால் என்மேல் படுகிற மாதிரி. "நெசமாவாக்கா? யாரு?" என்றாள். யார் என்று கேட்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒரு பெயர் வேண்டும். பெயர் இல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் இது பொய் என்று ஆகிவிடும். மனசுக்குள் தேடினேன், தேடவே வேண்டியிருக்கவில்லை, அது அங்கேயே நின்றுகொண்டிருந்தது. மருந்துக்கடை ராஜ்மோகன். நிரோஷாவின் கை வீங்கியிருந்தபோது கடையை விட்டு இறங்கி வந்து கட்டுத்துணி சுற்றிவிட்டு, "இது விழுந்ததுல வந்த வீக்கம் மாதிரி இல்லையேம்மா, யாரு பண்ணுனது" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டவன். அந்தத் தெருவில் கேட்டவன் அவன் ஒருவன்தான். போன ஆவணியில்தான் அவனுக்குக் குழந்தை பிறந்தது.

"மருந்துக்கடைக்காரன்" என்றேன். "கையக் கட்டிவிடறேன்னு ஆரம்பிச்சது."

அமுதவல்லி வாயில் கையை வைத்தாள். அவள் கண் பளபளவென்று இருந்தது. நான் இன்னும் இரண்டு சேர்த்தேன், எந்தக் கிழமை, எந்த நேரம், போனில் எத்தனை தரம், சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் அடுத்ததை இழுத்துக்கொண்டு வந்தது, எனக்கே நம்பிக்கை வர ஆரம்பித்தது. தெருவில் மேளம் அடித்துக்கொண்டு பிள்ளைகள் போனார்கள். செழியனின் வண்டி சத்தம் தெருமுனையில் கேட்டது மாதிரி இருந்தது, வேறு யாருடைய வண்டியோ. இடுப்பில் வலி எழுந்தது. சேலையை இன்னும் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன், இரண்டு கையாலும், மார்போடு அணைத்து. அமுதவல்லி அப்போதுதான் அதைக் கவனித்தாள். கரையைத் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லா இருக்கேக்கா. யாரு எடுத்தது?"

"எங்க அண்ணன்" என்றேன். "பொங்கல் சீர். கலியமூர்த்தி அண்ணன் குடுத்துவிட்டிருக்கு."